"எங்க நாய் ஒண்ணும் பண்ணாது!"

திருத்தணி மலையடிவாரத் தெருக்களில் சிலிண்டரோ பார்சலோ கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற வசனம் இது. உங்களிடம் வாலாட்டுகிற நாய், முன்பின் தெரியாதவரிடமும் வாலாட்டும் என்று என்ன நிச்சயம்?

அனுபவப்பட்டவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுப்பார்கள். நாய் பாய்ந்து வந்தால் ஓட மாட்டார்கள், ஓடினால் துரத்தும். வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணை முறைக்காமல், மெல்லப் பின்வாங்குவார்கள்.

அதையும் மீறிக் கடித்துவிட்டால்? மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனை. அங்கே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. அந்தப் பழைய மருந்தை 2004-ம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான். அன்றைக்கே முதல் ஊசி. அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களில் மற்றவை. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போடுவார்கள்.

"ஒரு நாள் கூலி போயிடுமே" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. வெறிநோய் முற்றினால் பிழைப்பது அபூர்வம். கடித்தது உங்கள் நாய் என்றால், அந்தக் கூலியை நீங்கள் கொடுக்கலாமே!

அதைவிடச் சுலபம், "நாயைக் கட்டிட்டேன், வாங்க தம்பி" என்று சொல்லிக் கதவைத் திறப்பது.