கொதிகலனும் குளியலறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற பருவத்தில் வெப்பவியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் உள்ளுறை வெப்பத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நூறு டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவி, அதே நூறு டிகிரியில் நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. குளிர்நாடுகளில் இந்த வெப்பத்தைக் கொண்டுதான் வீடுகளையே சூடாக்குகிறார்கள் என்றார். சன்னலுக்குக் கீழே நிற்கும் 'ரேடியேட்டர்' என்ற கருவியைக் கரும்பலகையில் படமாகவும் வரைந்து காட்டினார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த பிற்பகல் அது. வீட்டைச் சூடாக்க ஓர் இயந்திரமா! நமக்கு வேண்டாத வேலை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று மாலை அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு பக்கத்து அடுக்ககங்களில் குழாய் வேலை செய்பவர். விடுமுறை நாட்களில் டார்ச் விளக்குப் பிடிக்க நானும் உடன் போவதுண்டு. என் நோட்டில் இருந்த படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிற காத்து எப்படிடா வெளியே போகும்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் தேடியபோதுதான், அந்தக் கருவியின் உயிர்நாடியே அந்தக் கேள்வியில் இருப்பது புரிந்தது.

குளிர்நாட்டுப் பழைய அடுக்ககங்களின் அடித்தளத்தில் ஒரு கொதிகலன் இருக்கும். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியிலோ, மின்சாரம் போலவும் குடிநீர் போலவும், தெருவுக்கு அடியில் குழாய் பதித்து நீராவியையே விற்கிறார்கள். 1882-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்றும் நடந்துவருகிறது. பழைய கட்டடங்களில் 'ஒற்றைக் குழாய்' முறை அதிகம். ஒரே குழாயில் நீராவி மேலே ஏறும். ரேடியேட்டரில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகி, அதே குழாய் வழியே கீழே இறங்கிக் கொதிகலனுக்குத் திரும்பும். பம்பு வேண்டியதில்லை. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே பாதையில் நடப்பதால் சரிவு சரியாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளில் தரை சற்று அமுங்கிச் சரிவு மாறிவிட்டால், குழாயில் நீர் தேங்கும். விரைந்து வரும் நீராவி அந்த நீரைத் தூக்கி வளைவுகளில் மோதும். நள்ளிரவில் யாரோ சம்மட்டியால் குழாயை அடிப்பது போன்ற ஓசை எழும். இதற்கு வைத்தியம் மிக எளியது: ரேடியேட்டரின் கடைசிக் காலுக்கடியில் ஒரு மரச்சில்லைச் செருகி, வால்வுப் பக்கம் சாயும்படி செய்துவிட்டால் போதும். வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் இதே ஓசைதான் வரும். முழுவதும் திறக்க வேண்டும், அல்லது முழுவதும் மூட வேண்டும்.

இனி அப்பா கேட்ட காற்று. ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கும்போது அதனுள் நிறைந்திருப்பது காற்று. அது வெளியேறினால்தான் நீராவி நுழைய இடம் கிடைக்கும். அதற்கென்றே பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு சிறு வால்வு உண்டு. காற்றை வெளியே விடும். நீராவியின் சூடு பட்டதும் தானே மூடிக்கொள்ளும். காற்று போகும்போது 'உஸ்' என்று சீறும். அந்தச் சீறல் பிடிக்காமலோ, வண்ணம் அடிக்கும்போது கவனிக்காமலோ அந்தத் துளையை அடைத்துவிட்டால், கீழே கொதிகலன் எவ்வளவு எரிந்தாலும் மேலே அந்த அறை குளிர்ந்தே கிடக்கும்.

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் நூறாண்டுகளுக்கு முன்னர். இங்கு அறையைச் சூடாக்க எவரும் கொதிகலன் வைக்கப் போவதில்லை. ஆனால் மார்கழி விடியலில் குளிக்க வெந்நீர் வேண்டும் அல்லவா? அதற்காக நம் குளியலறைச் சுவரில் ஒரு மூடிய பாத்திரத்தை மாட்டி வைத்திருக்கிறோம். மூடிய பாத்திரத்தில் நீரைச் சூடாக்கும்போது எழும் சிக்கல் நியூயார்க்கானாலும் மந்தைவெளியானாலும் ஒன்றுதான்.

முன்பு மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியிருந்த வீடுகளில் செப்புப் பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழல், அதில் கரியோ கொட்டாங்கச்சியோ எரியும், சுற்றிலும் நீர். மேலே வெறும் தட்டு மூடி. மறந்து போய் நீர் கொதித்தாலும் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். புகைக்கும் சாம்பலுக்கும் அஞ்சலாமே தவிர, வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1970-களிலும் 80-களிலும் தனி வீடுகள் இருந்த மனைகளில் மூன்று மாடி அடுக்ககங்கள் எழுந்தபோது, கரி அடுப்புக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. மின்சாரக் கெய்சர் வந்தது. இந்தக் கட்டடங்களில் நீர் தெருவிலிருந்து சம்ப்பில் இறங்கி, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்குகிறது. தொட்டியின் நீர்மட்டம் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், தரைத்தளத்துக் கெய்சரில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

சென்ற டிசம்பரில் இத்தகைய கட்டடம் ஒன்றில், தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி அப்பாவை அழைத்தார். "ஏம்ப்பா, ரெண்டு நாளா பச்சைத் தண்ணிக் குழாயிலேயும் சுடச்சுட வருது. வெந்நீர்க் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு சீறிக்கிட்டு வருது" என்றார். அப்பா பையைக் கீழே வைக்கவில்லை. நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். "அம்மா, நீங்க கூடத்துல உக்காருங்க. யாரும் உள்ளே போகவேண்டாம்" என்றவர், ஸ்பேனரைத் தொடாமல் ஒன்றரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஆறிய பிறகு பார்த்தோம். கெய்சரின் அடியில், குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில், பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். உள்ளே அழுத்தம் அளவுமீறினால் அது திறந்து சிறிது நீரை வெளியே விடும். அந்த வால்வின் வாயில் யாரோ டம்மி அடித்து இறுக்கியிருந்தார்கள். "தினம் சொட்டிக்கிட்டே இருந்துது. சரிபண்ணச் சொன்னேன், அடைச்சுட்டுப் போனார்" என்றார் அம்மா.

சொட்டியது கோளாறே அல்ல. நீர் சூடானால் விரிவடையும் என்பது நாம் பள்ளியிலேயே படித்ததுதான். 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1.3 விழுக்காடு கூடுகிறது. 15 லிட்டர் கெய்சரில் இது சுமார் 200 மில்லி. குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் இந்த 200 மில்லி மேல்தொட்டிக்குத் திரும்பிப் போக முடியாது. நீரை அமுக்கவும் முடியாது. எனவே அழுத்தம் ஏறுகிறது, பாதுகாப்பு வால்வு திறக்கிறது, சொட்டுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றால் வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். இரவும் பகலும் ஓயாமல் ஒழுகினால்தான் மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் சீறலை அடைத்தவர்கள் குளிரில் நடுங்கியதோடு தப்பினார்கள். சொட்டை அடைப்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

இந்த வீட்டில் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே குறித்த வெப்பநிலை வந்தும் மின்சாரம் நிற்கவில்லை. அதற்கு அடுத்த காவலான கட்-அவுட்டையோ, அடிக்கடி விழுகிறது என்று யாரோ கம்பி போட்டு நேராக இணைத்திருந்தார்கள். மூன்று காவலர்களும் இல்லை. அம்மாவைக் காப்பாற்றியது நான்காவதாக ஒரு பழுது! நான்-ரிட்டர்ன் வால்வின் ரப்பர் தேய்ந்து போயிருந்ததால், விரிந்த நீர் பின்னோக்கிக் குழாயில் ஏறிப் போயிருக்கிறது. பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வந்தது அதனால்தான்.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டேன். பத்து மீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தமும் சேர்ந்தால், நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி. பிரஷர் குக்கரின் உள்ளே இருக்கும் நிலை இது. 15 லிட்டர் நீர் 120 டிகிரியில் இருக்கும்போது தொட்டி விரிசல் விட்டால், அழுத்தம் சட்டென்று இறங்கி நீர் நூறு டிகிரிக்கு வந்தாக வேண்டும். கூடுதலாக உள்ள வெப்பம் 15,000 × 20, அதாவது 3 லட்சம் கலோரி. அதை 540-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 555 கிராம் நீர் கணத்தில் ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியானால் சுமார் 1.67 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக 900 லிட்டருக்கு மேல் நீராவி, அந்தச் சிறு குளியலறைக்குள்! நான்-ரிட்டர்ன் வால்வு நல்ல நிலையில் இருந்திருந்தால் அழுத்தம் இதைவிடப் பன்மடங்கு ஏறியிருக்கும். அந்தக் கணக்கை நான் போடவில்லை. வகுப்பில் சிரித்த 540 என்ற எண் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு நம் நாட்டில் 1923-லேயே சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது. ஆய்வாளர் வந்து சோதித்துச் சான்று தராமல் அவற்றை இயக்க முடியாது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்தவையும், நீரை நூறு டிகிரிக்குக் கீழே சூடாக்குபவையும் அந்தச் சட்டத்துக்குள் வாரா. அது நியாயமே, வீட்டுக்கு வீடு ஆய்வாளர் வர இயலுமா? கெய்சருக்கு ஆய்வாளர் வீட்டுக்காரரும், அவர் அழைக்கும் குழாய்க்காரரும்தான்.

தொட்டியைக் கழற்றியபோது வேறொன்றும் கண்டோம். சுண்ணாம்புக் கற்கள். அப்பா கவிழ்த்ததும் வாளியில் 'கலகல'வென்று கொட்டின. காயில், மாவில் தோய்த்த முறுக்கைப் போல வெள்ளையாகப் பருத்திருந்தது. வேதியியல் நண்பர்களுக்கு இது தெரிந்ததே. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் சிதைந்து கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இந்த நகரத்துக் கட்டடங்களில் மூன்று வகை நீர் ஒரே சம்ப்பில் கலக்கிறது: குடிநீர் வாரியத்தின் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட 2019-இல் குழாயில் வந்தது எந்த நீர் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 300 என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 லிட்டர் கெய்சர் வழியே போனால் அதில் 18 கிராம் உப்பு. பத்தில் ஒரு பங்கே படிகிறது என்றாலும் ஆண்டுக்கு 650 கிராமுக்கு மேல் ஆகிறது.

இந்தப் படிவால் மின்கட்டணம் பெருமளவு கூடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. காயில் முழுக்க நீருக்குள் இருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் நீரைத் தவிர வேறெங்கே போகும்? உண்மையில் நேர்வது வேறு. சுண்ணாம்பு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசமான வெப்பக் கடத்தி. ஆகவே வெப்பம் வெளியேறத் தாமதித்து, காயிலின் உலோக உறை மிகைச் சூடேறி விரைவில் எரிந்து போகிறது. நஷ்டம் மின்சாரத்தில் அன்று, காயிலில். அதைவிட முக்கியமாக, வெப்பத்தை உணரும் பகுதியிலும் வால்வின் வாயிலும் சுண்ணாம்பு ஏறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வால்வின் நெம்புகோலைத் தூக்கி, நீர் பீறிட்டு வருகிறதா என்று அப்பா பார்ப்பது அதற்காகத்தான்.

எனாமல் பூசிய இரும்புத் தொட்டியாக இருந்தால் உள்ளே ஒரு மக்னீசியக் கம்பியும் இருக்கும். மக்னீசியத்தின் மின்முனை அழுத்தம் −2.37 வோல்ட், இரும்பினுடையது −0.44. எனவே துருப்பிடிக்க வேண்டிய இரும்புக்குப் பதிலாக மக்னீசியம் கரைந்து தீர்கிறது. அது தீர்ந்ததும் அடுத்தது தொட்டிதான். கெய்சரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை.

அன்று அம்மாவின் வீட்டில் தெர்மோஸ்டாட், கட்-அவுட், காயில், இரண்டு வால்வுகள் என எல்லாமே மாற்ற வேண்டியதாயிற்று. டம்மியை அப்பா தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வால்வின் வாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, கீழே ஒரு வாளிக்கு விட்டார். "இது சொட்டும்மா. சொட்டட்டும். சொட்டலேன்னா என்னைக் கூப்பிடுங்க" என்றார். அம்மாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போனபோது வாளிக்குள் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. "தம்பி, தினம் அளந்து பாத்தேன். ஒரு டம்ளர் நிறையறதுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார் அம்மா. டம்ளரை வாங்கி, ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று எடுத்துப் போயிருந்த அளவு உருளையில் ஊற்றிப் பார்த்தேன். 170 மில்லி. என் கணக்கு 200. குறைந்த 30 மில்லி எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே சொன்னார்: சூடாகி முடிவதற்குள் ஒருமுறை குழாயைத் திறந்து, பல் விளக்க ஒரு சொம்பு வெந்நீர் பிடித்துக்கொள்வாராம்.