மேசை உங்கள் உடம்புக்கு ஏற்றதாக இருக்கட்டும்

புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்கு,

டெனிஷ் பாடம், படிவம் நிரப்புவது, ஊரோடு கதைப்பது என்று இங்கு பல அலுவல்கள் கணினியில்தான். பலர் கட்டிலில் இருந்தபடி மடியில் வைத்துப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் நாரி பிடிக்கும், கழுத்து உளையும், கை விறைக்கும். "யோசனையால வருது" என்று விட்டுவிடுவார்கள். யோசனையும் காரணமாகலாம். ஆனால் இருக்கிற விதத்தை மாற்றினால் நோவு குறையக்கூடும். அதற்குக் காசு தேவையில்லை.

கதிரை: இரண்டு உள்ளங்காலும் முழுதாக நிலத்தில் படவேண்டும். கால் தொங்கினால் கீழே தடித்த புத்தகங்களை வையுங்கள். நாரிக்குப் பின்னால் சுருட்டிய துவாய் ஒன்று போதும்.

திரை: ஒரு கை நீளத் தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். மடிக்கணினி என்றால் பெட்டியொன்றின் மேல் வைத்து, தனி விசைப்பலகையும் மவுசும் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கழுத்து குனிந்தே இருக்கும். யன்னல் முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கத்தில் இருந்தால் கண் கூசாது.

கை: தோளைத் தளரவிடுங்கள். முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடிந்திருக்கட்டும்.

எவ்வளவு நல்ல கதிரை என்றாலும் அரை மணிக்கொருதரம் எழும்பி நடவுங்கள்.

முகாமிலோ வீட்டிலோ மேசை இல்லையா? இஷொய் நூலகத்துக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி டென்மார்க்கின் பொது நூலகங்களில் இணையம் இலவசம்.

பிறகு வேலை கிடைத்தால் இதையும் நினைவில் வையுங்கள். திரை முன் வேலை பற்றி இங்கு 1992ஆம் ஆண்டே விதி வந்துவிட்டது. நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வழமையாகத் திரை பார்ப்பவருக்கு இடைவேளை அல்லது வேலை மாற்றம் கிடைக்க வேண்டும். கண் பரிசோதனையும் உண்டு. திரைக்கென்றே தனிக் கண்ணாடி தேவைப்பட்டால் செலவு முதலாளியுடையது. வேலைத்தலங்களைக் கண்காணிக்கும் அரச நிறுவனத்தின் பெயர் அர்பைட்ஸ்தில்சூனெட். பல அலுவலகங்களில் ஏற்றி இறக்கும் மேசையும் உண்டு. அதை உங்கள் உயரத்துக்கு மாற்ற ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நல்ல கதிரை கேட்பதற்கும் உங்கள் அகதி வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பயப்படாமல் கேளுங்கள்.

விறைப்போ நோவோ மாறாமல் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். முகாமில் இருப்பவர்கள் அங்குள்ள தாதியிடமும், மற்றவர்கள் தங்கள் வைத்தியரிடமும் சொல்லுங்கள்.