எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

கேள்வி கேட்கத் தெரிந்த என் செல்லங்களே!

2025 நவம்பர் 13-ஆம் தேதி கீரனூர் பக்கம் நடந்தது நினைவிருக்கிறதா? நம் தஞ்சாவூருக்குத் தென்மேற்கே, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், பட்டப்பகலில் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து பறந்த பயிற்சி விமானம் அது. நடுவானில் கோளாறு, சாலையையே ஓடுதளம் ஆக்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்த இருவரும் காயமின்றி இறங்கினார்கள்.

எஞ்சின் அடியோடு நின்றுபோனால்கூட இப்படி இறங்க முடியுமா என்று கேட்பாய். நல்ல கேள்வி! முடியும்.

விமானத்தைத் தாங்கிப் பிடிப்பது இறக்கை. அது வேகமாகப் போகும்போது காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் எஞ்சினின் வேலை.

சரி, எஞ்சின் நின்றால் வேகத்துக்கு எங்கே போவது?

ஆற்றங்கரை மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கியிருப்பாயே! மிதிக்காமலே ஓடும் அல்லவா? உயரம் குறையக் குறைய, அது வேகமாக மாறுகிறது. விமானியும் அதைத்தான் செய்கிறார். விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்க்கிறார். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறார். புரிகிறதா?

பயந்துபோய் மூக்கை மேலே தூக்கினால்தான் ஆபத்து. வேகம் செத்துவிடும். இறக்கையால் தாங்க முடியாது. விமானம் சட்டென்று சரியும். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள்.

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். நான்கே இருக்கை. எஞ்சின் இல்லாமல் 1 கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் சுமார் 9 கிலோமீட்டர் முன்னே போய்விடும். நம் பெரிய கோயிலுக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றது என்று வைத்துக்கொள். எதிர்க்காற்று இல்லாவிட்டால் திருவையாறு வரைக்கும் மிதந்தே போகலாம். எவ்வளவு தூரம் பார்த்தாயா!

இன்னொன்றும் கேட்பாய், எனக்குத் தெரியும். சுற்றிலும் இத்தனை வயல் இருக்கிறதே, மெத்தென்று அதில் இறங்கக் கூடாதா?

நவம்பரில் நம் சம்பா வயல் எப்படி இருக்கும்? தண்ணீர், அதற்கடியில் சேறு. இறங்கும்போது விமானத்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். சக்கரம் சேற்றில் சிக்கினால் அது அங்கேயே நின்றுவிடும். மற்ற பகுதி முன்னே பாயும். விமானம் மூக்குக் குத்திக் குப்புறக் கவிழ்ந்துவிடலாம். இடையில் வரப்புகள் வேறு. அறுவடை முடிந்து காய்ந்த தரிசு என்றால் பரவாயில்லை. சாலையில் சக்கரம் உருண்டோட இடம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் மின்கம்பி, மரம், லாரி, பேருந்து என்று ஆபத்துகள் உண்டு. இத்தனையையும் சில நிமிடங்களுக்குள் பார்த்து முடிவெடுப்பது லேசான காரியமா? அந்த விமானத்தை இறக்கியவரை நாம் மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஒன்றே ஒன்று, கண்ணுகளா. உங்கள் ஊரில் இப்படி ஒரு விமானம் இறங்கினால் ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்காதீர்கள். இந்த வகை விமானங்களில் இறக்கைக்குள்தான் பெட்ரோல் இருக்கும். ஒரு பொறி போதும். தள்ளி நின்று, பெரியவர்களிடம் சொல்லி, 112-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.