நாட்டை விடாமல் உலகத்தை அறிய...

"வெளிநாடு போய்ப் படித்த பிள்ளை திரும்பி வருவானா?" பெற்றோர் மட்டும் கேட்கும் கேள்வியல்ல இது, ஏழை நாடுகள் எல்லாம் தங்கள் விஞ்ஞான மாணவர்களைப் பற்றிக் கேட்கும் கேள்வி. இத்தாலியில் டிரியஸ்ட் என்ற துறைமுக நகரில் உள்ள ஒரு நிலையம் இதற்கு நல்லதொரு விடை கண்டிருக்கிறது.

அதன் கதை லாகூரில் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் பௌதிகம் படித்துப் பெயர் வாங்கிய அப்துஸ் சலாம், 1951-ல் சொந்த நாடான பாகிஸ்தானுக்குத் திரும்பினார். லாகூரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆனால் புதிய விஞ்ஞான சஞ்சிகைகள் கிடைக்கவில்லை. தம் துறையைப் பற்றிப் பேச ஒரு துணையும் இல்லை. கல்லூரியின் கால்பந்துக் குழுவைக் கவனிக்கும் பொறுப்புத்தான் கிடைத்தது! 1954-ல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றுவிட்டார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்தத் தனிமையை அவர் மறக்கவில்லை.

தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக் கூடாது என்று பாடுபட்டார். சர்வதேச அணுசக்தி ஸ்தாபனமும் இத்தாலி அரசாங்கமும் கைகொடுத்தன. 1964-ல் டிரியஸ்டில் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையம் பிறந்தது.

போவதும் வருவதும்

அவர் வகுத்த வழி எளிது. வளரும் நாட்டு விஞ்ஞானி சில ஆண்டுகளில் பல முறை அங்கே போகலாம். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் தங்கி ஆராய்ச்சி செய்யலாம். பிறகு தம் ஊர்க் கல்லூரிக்கே திரும்பிப் பாடம் நடத்தலாம். உத்தியோகத்தை விட வேண்டாம். நாட்டையும் விட வேண்டாம்.

1991 முதல் மாணவர்களுக்கென்று ஓராண்டு டிப்ளமா வகுப்பும் நடக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா மாணவர்கள் ஒரே கரும்பலகையின் முன் உட்காருகிறார்கள். கணக்கை மட்டுமா கற்கிறார்கள்? தெரியாததைக் கூசாமல் கேட்பதும், பிறர் பிழை காட்டினால் கோபம் கொள்ளாததும், வேற்று மொழிக்காரருக்கும் விளங்கப் பேசுவதும் அங்கே படியும் பழக்கங்கள். ஊர் திரும்பிய பின் ஒரு சந்தேகம் எழுந்தால், எழுதிக் கேட்க நாலு நாடுகளில் நண்பர்கள் இருப்பார்கள். லாகூரில் சலாமுக்கு இல்லாமற் போனது இதுதான்!

1979-ல் சலாம் இரு அமெரிக்க விஞ்ஞானிகளுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் 1996-ல் மறைந்தார். மறு ஆண்டு நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

மாணவனைக் கடல் கடந்து அனுப்புவது பாதிக் காரியந்தான். திரும்பி வருகிறவனுக்கு நூல்களும், சோதனைச்சாலையும், பேச ஒரு துணையும் இங்கே காத்திருக்க வேண்டும். கால்பந்து மட்டும் போதாது!