ஆஞ்சியோவுக்குப் பின் வரும் மறதி

மூளை ரத்தக்குழாயில் வீக்கமா, அடைப்பா என்று பார்க்கப் பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கமிருந்து பலரும் கோவைக்கு வருகிறார்கள். சாதாரண ஸ்கேனில் பிடிபடாதபோது மூளை ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்வார்கள். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்துக் கழுத்து ரத்தக்குழாய் வரை கொண்டுபோய், அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். மூளை ரத்தக்குழாய்களை இப்படி மருந்து செலுத்திப் படம் பிடிப்பதை 1927இல் லிஸ்பனில் தொடங்கிவைத்தவர் எகாஸ் மோனிஸ்.

இதன் அரிதான பின்விளைவு ஒன்று, தற்காலிக மறதி. "ஏனுங்க, நான் எதுக்கு இங்க படுத்திருக்கேன்?" என்பார் நோயாளி. மனைவி விளக்குவார்; அவரும் கேட்டுக்கொள்வார். இரண்டு நிமிடத்தில் அதே கேள்வி வரும். தன் பெயர் தெரியும், மனைவியைத் தெரியும், பேச்சு குழறாது, கைகால் அசையும். காலையில் நடந்தது மட்டும் நினைவில் இருக்காது. புதிதாகச் சொல்வதும் மனதில் தங்காது.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் மூளையின் பின்பக்க ரத்தக்குழாய்கள் வழியாகவே வருகிறது. அங்கே செலுத்திய மருந்தின் பாதிப்பு, ரத்தக்குழாய் சுருங்குவது, நுண்ணிய ரத்தக்கட்டி அடைப்பது என்று மருத்துவர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஆஞ்சியோ எடுக்காதவர்களுக்கும் திடீரென வரும் இதே மறதிக்கு ஃபிஷர், ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பெயர் சூட்டி, 1964இல் விரிவாக எழுதினார்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில், 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். ஆனால் அந்த இடைப்பட்ட நேரத்தின் நினைவு திரும்புவதில்லை.

"மயக்க மருந்து வேலையாக இருக்கும், தூங்கினால் சரியாகிவிடும்" என்று கூட இருப்பவர் விட்டுவிடுவதுதான் ஆபத்து. பக்கவாதமும் இப்படித் தொடங்கலாம். கேள்வி திரும்ப வந்த உடனே நேரத்தைக் குறித்துக்கொண்டு நர்ஸிடம் சொல்லுங்கள். டாக்டர் சோதித்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார். நோயாளியை அதட்டாதீர்கள், பத்தாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

இந்தப் பயத்தில் யாரும் ஆஞ்சியோவைத் தள்ளிப்போட வேண்டாம். வெடிக்கக் காத்திருக்கும் ரத்தக்குழாய் வீக்கம் இதைவிடப் பெரிய ஆபத்து. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், மறதி வரலாமா, வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அது உங்கள் உரிமை.