கொல்லைக்கு வரும் வயதான அணில்: எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கொல்லைச் சுவரில் நாலு கடலை போட்டால் அணில்கள் ஓடி வந்துவிடும். சில நாள் தொடர்ந்து கவனித்தால், கூட்டத்தில் ஒன்று மட்டும் பின்தங்குவது தெரியும். தாவுமுன் தயங்கும்; இளசுகள் விரட்டினால் எதிர்க்காமல் ஒதுங்கிவிடும். அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் இளகுவது நல்ல குணம். ஆனால் அந்த அன்பு அதன் உடம்புக்கு ஒத்துப்போக வேண்டும். வயதான அணிலுக்கு நிறையத் தீனி வேண்டியதில்லை. அளவான சரியான உணவு, சுத்தமான தண்ணீர், பயமில்லாமல் தின்ன ஓர் இடம் ஆகியவையே அதற்குத் தேவை.

வயதானது என்று எப்படி அறிவது?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டோரம் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் கொண்ட அணில். கூண்டில் வளர்ந்த ஒன்று ஐந்தரை ஆண்டு வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. பூனையும் காகமும் வல்லூறும் சாரைப்பாம்பும் உள்ள வெளியுலகில் முதுமை வரை தப்பிப் பிழைப்பவை கொஞ்சமே.

மங்கிய ரோமம், முடி குறைந்த வால், ஒட்டிய விலா, கண்ணில் வெண்படலம், நிதானமான நடை ஆகியவை முதுமையின் அடையாளங்கள். ஆனால் தோல் தடித்துச் சொறி பிடித்திருந்தாலோ, திட்டுத் திட்டாக முடி கொட்டியிருந்தாலோ அது உண்ணித் தொற்றாக இருக்கலாம். அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒரு கைப்பிடி என்பது எவ்வளவு?

வளர்ந்த அணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம். நாம் அள்ளிப் போடும் ஒரு கைப்பிடி நிலக்கடலை 30 கிராமுக்குக் குறையாது. அதாவது, அதன் உடல் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! ஓர் அணிலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிலக்கடலைப் பருப்பு, கட்டைவிரல் அளவு பழத்துண்டு, கொஞ்சம் தானியம் இருந்தால் போதும். மீதியைப் பூ, கனி, விதை, பூச்சி என்று அதுவே தேடிக்கொள்ளட்டும். அந்தத் தேடல்தான் அதன் கால்களைத் தளராமல் வைத்திருக்கிறது.

எலும்புக்குக் கால்சியம்

நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 90 மி.கி. கால்சியம்தான்; பாஸ்பரஸோ 350 மி.கி.க்கு மேல். சூரியகாந்தி விதையிலும் இதே குறை உண்டு. இவற்றையே தினமும் தின்றால் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். எலும்பு மெலியும், பின்னங்கால்கள் வலுவிழக்கும். கிளைக்குக் கிளை தாவிப் பிழைக்கும் உயிருக்கு அது பெரிய ஆபத்து.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பாஸ்பரஸ் அதைவிடக் குறைவு. ஊறவைத்து முளைகட்டிய கேழ்வரகை ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். முருங்கைத் தளிரும் நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கிளையில் கட்டிவிட்டால், வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

தேயாத பல்லும் தொல்லைதான்

அணிலின் முன்பற்கள் நான்கும் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கடினமானதைக் கடித்தால்தான் அவை தேயும். வயதான காலத்தில் பல்வரிசை விலகினால், பல் நீண்டு வளைந்து வாயையே அடைத்துவிடும். உணவு எதிரில் இருந்தும் பட்டினி கிடக்கும். பருப்பு ஒட்டிய கொட்டாங்குச்சித் துண்டு, மருந்து தெளிக்காத கொய்யாக் குச்சி, ஓடு நீக்காத கடலை ஆகியவை பல்லுக்கு நல்ல வேலை தரும். கடிக்கச் சிரமப்படும் அணிலுக்குப் பக்கத்திலேயே கனிந்த கொய்யா, பப்பாளி, சப்போட்டா வையுங்கள்.

இவற்றைக் கொடுக்காதீர்கள்

உப்புக்கடலை, மிக்சர், முறுக்கு, பிஸ்கட், சாக்லேட் எதுவும் வேண்டாம். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூசணம் பூத்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும். மழைக்காலத்தில் நன்றாகப் பார்த்துப் போடுங்கள். எலி மருந்தை அணில் புழங்கும் இடத்தில் வைக்கவே கூடாது. அது எலியையும் அணிலையும் பிரித்துப் பார்க்காது.

தண்ணீரும் டெங்குவும்

கத்திரி வெயிலில் தீனியைவிடத் தண்ணீர் முக்கியம். அகலமான, ஆழமில்லாத மண் தட்டில் ஊற்றி, நடுவில் ஒரு கல் வையுங்கள். தவறி விழுந்தாலும் ஏறிக்கொள்ளும். தினமும் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்பில் ஒட்டி முட்டையிடும். காய்ந்த தட்டிலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்பதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது.

இடமும் நேரமும்

தரையில் வைத்தால் பூனைக்கு வசதியாகிவிடும். மரத்தையொட்டி ஆள் உயரத்தில் வையுங்கள். ஒரே தட்டாக இல்லாமல், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி இரண்டு தட்டுகள் வைத்தால், விரட்டப்படும் முதிய அணிலுக்கும் பங்கு கிடைக்கும்.

அணில் பகலில் இரை தேடும். எலி இரவில் வரும். அதனால் காலையில் வைத்து, பொழுது சாயுமுன் மிச்சத்தைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். இல்லையேல் எலி வரும். அதன் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவலாம். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கடித்துவிட்டால்?

கையில் வைத்து ஊட்டாதீர்கள். பார்வை மங்கிய அணிலுக்குக் கடலையும் விரலும் ஒன்றுதான். குழந்தைகளைத் தொடவும் விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அணில்களிடமிருந்து வெறிநோய் தொற்றுவது மிக அரிது. என்றாலும் தடுப்பூசி வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. தட்டைத் தொட்ட பிறகு கை கழுவுவதைப் பழக்கமாக்குங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தலை ஒரு பக்கம் சாய்ந்து சுற்றினாலோ, பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, வாயில் எச்சில் வழிந்தாலோ, காயத்தில் புழு வைத்திருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். நமக்குள்ள மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது உயிரையே வாங்கிவிடும். கால்நடை மருத்துவரையோ வனத்துறையையோ விலங்கு நல அமைப்பையோ அழையுங்கள். வயதாகிவிட்டது என்பதற்காகப் பிடித்துக் கூண்டில் அடைக்காதீர்கள். அந்தப் பயமே அதற்குப் பெரிய நோய்.

மரமே நிரந்தரத் தட்டு

ஊருக்குப் போனால் நாம் வைக்கும் தட்டு காலியாகிவிடும், மரம் அப்படியில்லை. இடமிருந்தால் கொய்யாவோ நாவலோ முருங்கையோ ஒன்று நடுங்கள். கிளை கழிக்குமுன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் பழங்களைப் பறிக்காமல் விட்டுவைத்தால், நாம் இல்லாத நாளிலும் முதிய அணில் யார் தயவையும் எதிர்பார்க்காமல் பசியாறிக்கொள்ளும்.