வேனின் கூரையில் ஒரு சிறு மின்நிலையம்



கிராம மருத்துவ வேனுக்கு உதவ விரும்பும் சபையார் பலர் கேட்கும் கேள்வி இது: "வேன் கூரையில் சோலார் பேனல் பொருத்தலாமா? பார்வைக்கு விகாரமாக இராதா? அதனால் உண்மையில் பிரயோஜனம் உண்டா?" இந்தக் காரியத்தைச் சற்று விளக்கமாகவே சொல்லுகிறோம்.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். இரவு தங்கி முகாம் நடத்தும் வேனில் இன்சுலினும், பிரசவத்தின்போது இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசினும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். இதற்கான 12 வோல்ட் குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 540 வாட்-மணி. 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிந்தால் 80. சிறு விசிறி ஒன்றுக்கு 60. ஆகமொத்தம் 680. எஞ்சினை ஓடவிட்டே இந்த மின்சாரத்தைப் பெற்றால் டீசலும் வீண். காத்திருக்கும் நோயாளிகள் புகையையும் சுவாசிக்க வேண்டும்.

இனி வரவைப் பார்ப்போம். நம் நாட்டில் ஒரு நாள் வெயில் சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். 100 வாட் பேனல் இரண்டு வைத்தால் 1,000 வாட்-மணி. உஷ்ணம், தூசி, கம்பி ஆகியவற்றால் கால் பங்கு போனாலும் 750 மிஞ்சும். தேவைக்குச் சற்று மேல்.

வீட்டு மாடியில் வைப்பதுபோல் பேனலைச் சாய்த்து நிறுத்த வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். லண்டனில், டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரமே ஏறும். அங்கே படுக்கையாகக் கிடக்கும் பேனல் குளிர்காலத்தில் மிகவும் நஷ்டப்படும். சென்னையிலோ அதே டிசம்பரில் 53 பாகை ஏறுகிறது. கோடையில் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆகையால் கூரையோடு கூரையாகப் படுத்திருக்கும் பேனலால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. வெளியே தெரியாததால் திருடர் கண்ணிலும் எளிதில் படாது. கிராமத்துச் சாலையில் தாழ்ந்த கிளைகளிலும் இடிக்காது.

ஆனால் தகரத்தோடு ஒட்டிவிடக் கூடாது. பேனல் சூடேறினால் மின்சாரம் குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம். காற்றோட்டமின்றி 65 டிகிரிக்கு ஏறிவிட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். வளையக்கூடிய மெல்லிய பேனல்களைக் கூரைமேல் நேரே ஒட்டினால் இந்தச் சிரமம் உண்டு. அவை சீக்கிரம் பழுதாவதும் உண்டு. கண்ணாடிப் பேனலையே எடுத்து, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு மூலைத் தாங்கிகளில் பொருத்துவது நலம். முன்பக்கம் வேனின் நிறத்திலேயே ஒரு தகட்டுப் பட்டை வைத்தால் சாலையில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

கூரையில் துளைகளை இயன்றவரை குறைக்க வேண்டும். ஒவ்வொரு துளையும் துருவுக்கும் மழைநீருக்கும் வழி. கீழே இருப்பது மருந்து அலமாரி. தாங்கிகளைப் பாலியூரிதேன் பசையால் ஒட்டி, அது முழுவதும் இறுகிய பின்பே வேனை எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை மூலைகளை அசைத்துப் பார்ப்பது டிரைவரின் கடமை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகனத்தில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது, எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் அவசியம். 200 வாட் என்பது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்ப்பியர். மெல்லிய கம்பி சூடாகும். தடித்த கம்பியும், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் வேண்டும். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். 100 ஆம்ப்பியர்-மணி லித்தியம் பேட்டரியோ சுமார் 1,000 வாட்-மணி தாராளமாகத் தரும். இரவுக்கு அது போதும்.

சில எல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வரவு கால் பங்குக்கும் கீழே இறங்கலாம். அப்போது வேன் ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஆகும்படி தனி இணைப்பு வேண்டும். கருவிகளைக் கொதிக்க வைக்க இந்த மின்சாரம் ஆகாது. அந்த வேலைக்குக் காஸ் அடுப்பே சரி. பேனலின் ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஆகவே வேனை வெயிலில் நிறுத்தி, நோயாளிகளுக்கு அருகில் பந்தல் போட வேண்டும். காலையில் ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட வேண்டும்.

சபையாக இப்படிப்பட்ட உதவியைச் செய்ய எண்ணுகிறவர்கள் பேனலுக்கு மட்டும் பணம் ஒதுக்கி நிறுத்திவிடாதிருங்கள். நல்ல பேட்டரி, தடித்த கம்பி, குளிர்பெட்டிக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரவில் ஒரு தாய்க்கு ஊசி போட வேண்டிய நேரத்தில் அந்த மருந்து கெடாமல் இருக்க இவை எல்லாமே தேவை.